கச்சேரிக்கு 400 டம்ளர்

எங்கள் ஊர் பள்ளிகொண்டாவுக்கும் விரிஞ்சிபுரத்துக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றிய ராத்திரி, கோயில் மைதானத்தில் முதலில் பம்பை உடுக்கை, அப்புறம் விடிய விடிய இன்னிசைக் கச்சேரி. சுற்றுவட்டாரமே பாயும் போர்வையுமாக வந்து உட்காரும். மறுநாள் காலையில் பார்த்தால் மைதானம் முழுக்கப் பேப்பர் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும். ஆடிக் காற்று வேறு சும்மா இருக்காது. நாம் துடைப்பத்தை எடுப்பதற்குள் பாதி ஆற்றுக்குள் போய்விடும். 2021 நவம்பரில் பாலாற்று வெள்ளம் வடிந்த பிறகு, கரையோரச் சீமைக் கருவேல முள்ளில் எல்லாம் பிளாஸ்டிக் சிக்கித் தொங்கியதை ஊரே பார்த்தது.

இந்த வருஷம் எங்கள் மகளிர் குழுவும் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து, கச்சேரி முடிந்ததும் குப்பை பொறுக்கித் தருவதாகத்தான் முதலில் பேச்சு. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. தண்ணீரையும் டீயையும் எதில் கொடுக்கிறோம் என்பதை மாற்றிவிட்டால் பொறுக்கவே பெரிதாக ஒன்றும் இருக்காதே?

திருவிழாக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "பேப்பர் கப்புதானேம்மா, மண்ணோட மண்ணா மக்கிடும்" என்றார். வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று, ஒரு கப்பைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டு வைத்தேன். வரவு செலவு பேசி முடிப்பதற்குள் காகிதம் ஊறிவிட்டது. கட்டைவிரலால் மெதுவாகத் தேய்க்கத் தேய்க்கக் காகிதம் கூழாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் படலம், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசாக, கிழியாமல் கையில் நின்றது. "இது எங்க பெரியப்பா மக்கும்?" என்றேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி, என்ன பண்ணணும் சொல்லு" என்றார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களில் இந்தக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் உண்டு என்பதையும் அப்போதே சொல்லிவைத்தேன்.

பந்தல்கார அண்ணன் 400 சில்வர் டம்ளரைப் பாதி வாடகைக்குக் கொடுத்தார். மேடைக்குப் பின்னால் மூன்று அண்டா வைத்தோம். ஒன்றில் அலசல், ஒன்றில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர், கடைசியில் வெந்நீர். கழுவிய தண்ணீர் தென்னைக்குப் போனது. சோப்புத்தூள் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்கு அதுதான் காரணம்.

கூட்டத்தின் தாகத்துக்கு ஒரு தாளம் இருக்கிறது. குத்துப் பாட்டு ஓடும்போது ஒருவரும் வரமாட்டார்கள். மெதுவான பாட்டு தொடங்கியதும் மொத்தமாக எழுந்து வருவார்கள். இரண்டாவது பாட்டிலேயே பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மெலடிக்கு முன்னோட்டம் வாசிக்கும்போதே, "அக்கா, வராங்க!" என்று கத்திக்கொண்டு டம்ளரை அடுக்குவார்கள். பாட வந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டோம். ஒவ்வொரு இடைவெளியிலும் மைக்கில், "குடிச்ச டம்ளரைக் கூடையில போடுங்க, அது அம்மன் சொத்து" என்று சொன்னாள். நாங்கள் எழுதிக் கொடுத்ததைவிட அது நன்றாக வேலை செய்தது.

காலையில் எண்ணியபோது 11 டம்ளர் குறைந்தது. குழுப் பணத்தில் கட்டினோம். பாப்கார்ன் கவரும் மிட்டாய்த் தாளும் இரண்டு சாக்கு சேர்ந்தன. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஃபிளெக்ஸ் பேனர் விஷயத்தில் இளைஞர்கள் இறங்கியே வரவில்லை.

பாலாறு என்றதும் எல்லாரும் தோல் தொழிற்சாலைக் கழிவைத்தான் பேசுவார்கள். பேசத்தான் வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996-இல் தீர்ப்பு வாங்கிய ஆறு இது. அந்தத் தீர்ப்பைச் சொல்லி நியாயம் கேட்கிற நாமே அதே மணலில் கப்பை வீசிவிட்டு வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு வேலூர்ப் பாலாற்றில் கூடும் கூட்டத்துக்கு 400 டம்ளர் எந்த மூலைக்கு? கரையில் ஒரே ஒரு தண்ணீர்ப் பந்தலையாவது இப்படி நடத்திப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கழுவத்தான் கை போதவில்லை. வேலூர், காட்பாடிப் பக்கம் இருப்பவர்கள் ஒரு ராத்திரி ஒதுக்கி வாருங்கள். அண்டாவும் பூந்திக்கொட்டையும் நாங்கள் கொண்டுவருகிறோம்.