33கே என்று காட்டிய பிபிசி மைக்ரோ

ஆவடிப் பக்கம் ஒரு காயலான் கடையில், தராசுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தது. அடிப்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டில் ‘கணினி 4’ என்று யாரோ அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்கள். திருப்பிப் பார்த்தேன். கறுப்பு விசைகள், மேலே பத்து செம்மஞ்சள் விசைகள். பிபிசி மைக்ரோ, மாடல் பி.

“வெறும் பிளாஸ்டிக்தான் சார், உள்ளே கொஞ்சம் செம்பு தேறும்” என்றார் கடைக்காரர். செம்பு கணக்கில் 600 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்தேன். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏற்கெனவே மாடியில் ஐந்து கிடக்கின்றன.

கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட மெஷின் இது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசஸர், 32 கேபி நினைவகம். பிரிட்டனில் பிபிசி தொலைக்காட்சி நடத்திய கணினிக் கல்வித் திட்டத்துக்காகச் செய்யப்பட்டது. இது எப்படி ஆவடிக்கு வந்தது என்றால், 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகக் கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் கொடுத்தது இந்த மெஷினைத்தான். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மூன்று பேர் ஒரு நாற்காலி முன் நின்று, வாரம் 20 நிமிடம் இதைத் தொட்ட கூட்டத்தில் நானும் ஒருவன்.

பழைய மெஷின் கைக்கு வந்ததும் பிளக்கில் செருகிப் பார்க்கக் கை பரபரக்கும். செருகக் கூடாது. பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில், கரண்ட் உள்ளே வரும் இடத்தில் இரண்டு வடிகட்டி கபாசிட்டர்கள் உண்டு. ஒன்று 0.1 மைக்ரோஃபாரட், இன்னொன்று 0.01. இரண்டும் நேராக மெயின் கரண்டுக்குக் குறுக்கே உட்கார்ந்திருப்பவை. வயதானால் மேல் உறை விரிசல் விட்டு ஈரத்தைக் குடிக்கும். அப்புறம் 230 வோல்ட் பட்டதும் சில நிமிடத்தில் வெடித்துப் புகை தள்ளும். முன்பு இன்னொரு மெஷினில் எனக்கு இது நடந்திருக்கிறது. அந்த நாற்றம் திரைச்சீலையை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது.

இதில் பெரியது ஏற்கெனவே வறண்ட ஏரி மாதிரி வெடித்திருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால், கடைப் பையன் சாதாரண 400 வோல்ட் பாலியஸ்டர் ஒன்றை எடுத்து நீட்டி, “இதே போதும்ணா” என்றான். போதாது. மேலே எக்ஸ்2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். மெயினுக்குக் குறுக்கே போடுவதற்கென்றே செய்யப்பட்ட வகை அது. மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு கிடைத்தது, ஒன்று 15 ரூபாய். கூடவே, பவர் சப்ளை கிளம்பாமல் அடம்பிடிக்கக் காரணமாக இருக்கும் அந்தச் சின்ன 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலைட்டிக்கையும் மாற்றிவிட்டேன். இங்கே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் விரல் வைக்காதீர்கள்.

சோதனைக்கு, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டுதான். 60 வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், மெஷினுக்கு ஆபத்தில்லை. லோடு இல்லாமல் இந்தச் சப்ளை சரியாக வேலை செய்யாது என்பதால், ஸ்கூட்டர் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை 5 வோல்ட் ஒயரில் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் குண்டு பல்பு ஒரு தடவை கண்ணடித்து அடங்கியது. ஸ்கூட்டர் பல்பு மங்கலாகச் சிவந்தது. மீட்டரில் 5.04. ஊதா ஒயரில் மைனஸ் 5-உம் இருந்தது.

கேஸைப் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவினேன், அவ்வளவுதான். மஞ்சளேறிய பழைய கேஸ்களை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுப்பாக்குகிறார்கள். சென்னை வெயிலுக்கு அரை நாளில் பளிச்சென்று ஆகிவிடும். எனக்கு அதில் மனசில்லை. கொஞ்ச காலத்தில் மஞ்சள் திரும்பி வந்துவிடுகிறது. தவிர, ‘கணினி 4’ போய்விடும்.

சரி, பவர் சப்ளையை மெஷினின் போர்டில் மாட்டி ஆன் செய்தேன். “பூ...” என்று ஒரே ஊளை, நிற்கவே இல்லை. நல்ல மெஷின் “பூ...பீப்” என்று முடிக்கும். கரண்ட் வந்ததும் ஒலி சிப் தன்பாட்டுக்குக் கத்த ஆரம்பிக்கும், இயங்குதளம் விழித்து அதன் வாயை மூடும். ஊளை நிற்கவில்லை என்றால் இயங்குதளம் விழிக்கவில்லை என்று அர்த்தம். இயங்குதளம் இருக்கும் ரோம் சிப்பைப் பிடுங்கிப் பார்த்தால் கால்கள் எல்லாம் கரிக்கட்டை. எழுது ரப்பரால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, திரும்ப அழுத்தினேன். பூ...பீப். பக்கத்து அறையிலிருந்து மனைவி “பொழைச்சிடுச்சா?” என்றாள்.

பாதிதான் பிழைத்திருந்தது. படத்துக்குப் பின்பக்கம் பிஎன்சி சாக்கெட் உண்டு. நம் ஊரில் சிசிடிவி கேமராக்காரர்கள் புண்ணியத்தில் அதற்கான கனெக்டர் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது. அம்மா வீட்டுப் பழைய 14 அங்குல டிவியின் ஏவி சாக்கெட்டில் கோத்தேன். திரை முழுக்க ஆச்சரியக்குறி. வரி வரியாக, ஓரம் முதல் ஓரம் வரை ! ! ! ! என்று. நடுவே எழுத்துகளும் இருந்தன. ‘பிபிசி கம்ப்யூட்டர் 32கே’ என்று வர வேண்டிய இடத்தில் ‘சிசிசி’ என்று தொடங்கி, கடைசியில் 33கே. கீழே பேசிக் என்ற சொல்லின் முதல் எழுத்தும் சி ஆகியிருந்தது. கட்டளைக்குக் காத்திருக்கும் > குறிக்குப் பதில் ஒரு கேள்விக்குறி. மெஷின் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, அப்புறம் கேள்வியும் கேட்டது.

நினைவகம் போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். 16 சிப்களையும் ஈயம் உருக்கி எடுக்க வேண்டுமே என்று சோர்ந்து டீ குடிக்கப் போனேன். டீக்கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் ஒரு ஒழுங்கு தெரிந்தது. எழுத்துக்கு எழுத்து ஒரு எண் கொடுக்கும் ஆஸ்கி முறையில் இடைவெளியின் எண் 32, ஆச்சரியக்குறி 33. ஆங்கில பி 66, சி 67. இரண்டு என்ற இலக்கம் 50, மூன்று 51. > குறி 62, கேள்விக்குறி 63. இரட்டைப்படை எண் எல்லாம் ஒன்று கூடி ஒற்றைப்படை ஆகிறது. ஏற்கெனவே ஒற்றைப்படையாக இருக்கும் ஏ, எஸ், ஐ எதுவும் மாறவில்லை. அதாவது எண்ணை 0, 1 என்று எழுதும்போது வரும் கடைசி இலக்கம், கடைசி பிட், ஒன்று மட்டும் எப்போதும் 1 என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஓடி வந்து, திரையைப் பார்க்காமல், மோடு 4 என்ற வேறொரு திரை வகைக்கான கட்டளையைத் தட்டினேன். திரை துடைத்துவிட்டாற்போல் சுத்தமானது. > குறியும் சரியாக வந்தது. அப்போது நினைவகத்தில் குற்றமில்லை. ஆன் செய்ததும் வரும் மோடு 7-க்கு மட்டும் எழுத்துகளை வரைவது எஸ்ஏஏ5050 என்ற தனிச் சிப், பிரிட்டனில் டெலிடெக்ஸ்ட் என்ற எழுத்துப் பக்கங்களைக் காட்டும் டிவிகளில் இருந்த அதே சிப். இந்த ஏற்பாட்டால் மோடு 7-இன் முழுத் திரைக்கும் 1 கேபி போதும். மற்ற மோடுகள் அந்தப் பக்கமே போகாது.

சிப்பை நெம்பினேன். 28 காலில் 27 மேலே வந்தன. நாலாவது கால் துருப்பிடித்து அற்று, சாக்கெட்டிலேயே நின்றுவிட்டது. கடைசி பிட் உள்ளே போகும் கால் அதுதான். டீக்கடைக் கணக்கு சரியாகிவிட்ட குஷியில் சிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் பாருங்கள், ஐந்தாவது காலும் ஒடிந்து மடியில் விழுந்தது. அது முழுக்க என் கைங்கர்யம்.

வெளிநாட்டிலிருந்து பழைய சிப் வரவழைக்கலாம், தபால் செலவே மெஷின் விலையைத் தாண்டும். அதனால் ஒட்டுவேலை. ஊசி அரத்தால் சிப்பின் தோள்பட்டையில் பிளாஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாகச் சுரண்டினால் உள்ளே உலோகம் மின்னும். அரை மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். அதில் ஃபிளக்ஸ் தடவி ஈயம் ஏற்றி, செத்துப்போன வேறொரு சிப்பிலிருந்து நறுக்கிய காலைப் பிடித்துச் சால்டர் வைத்தேன். முதல் தடவை கால் கோணலாக ஒட்டியது. இரண்டாவது தடவை கை நடுங்கியது. மூன்றாவதில் நின்றது. இரண்டு காலுக்கு இரண்டரை மணிநேரம். இனி அந்தக் கால்கள் நோகக் கூடாது என்பதற்காக, கடைசல் பின் வைத்த புதுச் சாக்கெட் ஒன்றில் சிப்பை நிரந்தரமாக உட்காரவைத்து, அந்தச் சாக்கெட்டைப் போர்டில் செருகினேன். இனிமேல் பிடுங்கினால் சாக்கெட்டைத்தான் பிடுங்க வேண்டும்.

பூ...பீப். 32கே.

இதற்கு மேல் செய்ததெல்லாம் சொகுசு. எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: கேஸில் துளை போட மாட்டேன், போர்டில் தடம் வெட்ட மாட்டேன். முதல் இரண்டு வாரம் கேசட் போர்ட்டில் செல்போனைக் கோத்து, ஒலிக்கோப்பாக நிரல்களை ஏற்றினேன். 1200 பாட், நொடிக்கு சுமார் 120 பைட். 20 கேபி விளையாட்டுக்கு மூன்று நிமிடம், நடுவில் வாட்ஸ்அப் ஒலித்தால் மறுபடி முதலிலிருந்து. பொறுக்க முடியாமல் யூசர் போர்ட்டில் மாட்டும் எஸ்டி கார்டு அடாப்டர் வாங்கி, அதற்கான எம்எம்எஃப்எஸ் மென்பொருளை 27128 என்ற ஈப்ராம் சிப்பில் எழுதி, காலியாக இருந்த ரோம் சாக்கெட்டில் போட்டேன். இப்போது எல்லாம் கண்சிமிட்டும் நேரத்தில் வருகிறது. அந்தக் கேசட் இரைச்சல் இல்லாதது கொஞ்சம் வெறுமையாகத்தான் இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.

அடுத்தது டியூப் போர்ட். மெஷினின் அடியில், இரண்டாவது பிராசஸர் மாட்டுவதற்காக விட்ட 40 பின் வாசல். சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று ஓடியபோது அதைத் தாங்கி நின்றதும் ஒரு பிபிசி மைக்ரோவின் டியூப் போர்ட்தான். இன்று அதே வாசலில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியை மாட்டி இரண்டாவது பிராசஸராக நடிக்கவைக்கலாம். பையில் இருப்பதும் ஆர்ம்தான், பேரன் தாத்தா வீட்டுக்கு வருகிற மாதிரி. பை 3.3 வோல்ட், பிபிசி 5 வோல்ட், அதனால் நடுவில் லெவல் மாற்றும் சிறு போர்டு வேண்டும். அது வந்துவிட்டது.

வராதது கேபிள். பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கின் 40 கம்பி ரிப்பன் பொருந்தும், ஆனால் பலவற்றில் 20ஆவது ஓட்டையை அடைத்திருப்பார்கள், மெஷினில் இருக்கும் 20ஆவது பின்னை வெட்டினால்தான் உள்ளே போகும். பின்னை வெட்டுவதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அதே ஆவடிக் கடையில் ஒரு சாக்கு கேபிளைக் கொட்டிக் கிளறினேன். பதினொன்று கிடைத்தது, பதினொன்றிலும் ஓட்டை அடைப்பு. “அடுத்த லோடு புதன்கிழமை வரும் சார்” என்றார்.