குர்த்: கத்தியிலிருந்து பெயர் வாங்கிய கறி

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் நான் போய் இறங்கியது ஒரு புதன்கிழமை. பச்சை மாட்டுக்கறி சாப்பிடும் நாடு என்று படித்துவிட்டுப் போயிருந்தேன். அன்று மதியம் தட்டுக்கு வந்ததோ இஞ்செரா என்ற புளித்த மாவு தோசையும், கடலைமாவில் செய்த ஷிரோ குழம்பும். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு நாள். கறி, முட்டை, பால், வெண்ணெய் எதையும் தொடமாட்டார்கள். செவ்வாய், வெள்ளியில் கறி எடுக்காத வீட்டில் வளர்ந்தவன் நான். அதனால் அந்த நோன்பு எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

“நாளைக்கு துக்கெம் போகலாம்” என்றார் எங்களுக்கு வண்டி ஓட்டியவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், குராகே இனத்தவர். துக்கெம், அடிஸிலிருந்து பிஷோஃப்து போகும் சாலையில் இருக்கிறது. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. பச்சைக்கறிக்கே பேர்போன ஊர்.

சாலையோரம் வரிசையாகக் கறிக்கடைகள். கறிக்கடைக்கு அங்கே ‘சிகா பேத்’ என்று பெயர். சிகா என்றால் இறைச்சி, பேத் என்றால் வீடு. பெத்லகேமில் இருக்கிற பெத்தும் இதுவும் ஒரே வேர்தான். கடை முகப்பில் சிலுவைக் குறி இருந்தது. கிறிஸ்தவர் கடை, முஸ்லிம் கடை என்று தனித்தனியாக உண்டு. ஒருவர் அறுத்ததை மற்றவர் பொதுவாக வாங்குவதில்லை. உள்ளே தொடையும் விலாவும் கொக்கியில் தொங்கின. நம் கறிக்கடை போலவேதான். ஒரே வித்தியாசம், எடை போட்டதைப் பையில் கட்டித் தராமல் நேராக மேசைக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஓட்டுநர் முக்கால் கிலோ சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த சொல் ‘குர்த்’. நான் படித்து வைத்திருந்த சொல் ‘திரே சிகா’. திரே என்றால் பச்சை, வேகாதது. அங்கே பேசும் அம்ஹாரிக் மொழியில் ரொக்கப் பணத்துக்குக்கூட ‘திரே கென்ஸெப்’ என்கிறார்கள், பச்சைப் பணம். மூலப்பொருள் ‘திரே இக்கா’. சரி, அப்படியானால் குர்த் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் மேசைக் கத்தியை எடுத்துக் காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினார். வெட்டுவது, வெட்டியது. முடிவில் உறுதியாக நிற்கிறவரை ‘குர்தெஞ்ஞா’ என்பார்களாம். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு என்று நாம் சொல்கிறோமே, அந்த ஆள்!

எனக்கு அந்த இடத்தில்தான் ஒன்று பிடிபட்டது. நாம் வெளியிலிருந்து பார்த்து ‘பச்சைக்கறி’ என்கிறோம். நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அது வேகாமல் இருப்பதுதான். அவர்களுக்கும் ‘திரே சிகா’ என்ற சொல் இருக்கிறது, பொதுவாகப் பேசும்போது வரும். ஆனால் தட்டில் வைக்கும் பண்டத்துக்குப் பெயர் கத்தியிலிருந்து வருகிறது. பெரிய துண்டாக வைத்து, சாப்பிடுகிறவரே அரிந்துகொண்டால் குர்த். சிறு கட்டிகளாக நறுக்கி, மசாலா நெய்யில் புரட்டினால் கொரெத் கொரெத்; அதற்கும் வெட்டுதல் என்றுதான் வேர். பொடிப்பொடியாகக் கொத்தினால் கித்ஃபோ.

கித்ஃபோவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது குராகே மக்களின் உணவு. கொழுப்பும் நரம்பும் நீக்கிய கறியைக் கொத்தி, மித்மிதா என்ற காரப்பொடியும் மசாலா சேர்த்து உருக்கிய நெய்யும் கலந்து கிளறுவார்கள். செப்டம்பர் 27ஆம் தேதி வாக்கில் வரும் மெஸ்கெல் என்ற சிலுவைத் திருநாளில் குராகே வீடுகளில் இது இல்லாமல் முடியாது. வெளிநாட்டு உணவகங்களின் பட்டியலில் இதை ‘எத்தியோப்பிய டார்டார்’ என்று போடுகிறார்கள்; டார்டார் என்றால் வேகவைக்காமல் பச்சையாகவே கொத்திய கறி. அது தவறு என்பேன். கித்ஃபோ என்ற சொல்லில் பச்சை என்ற பொருளே இல்லை. பச்சையாக வேண்டுமென்றால் ‘திரே’ என்று தனியாகச் சொல்ல வேண்டும், முழுக்க வேகவேண்டுமானால் ‘யெபெஸெலே’. இரண்டுக்கும் நடுவில் சட்டியில் லேசாகச் சூடு காட்டினால் ‘லெப் லெப்’. அந்த இரட்டிப்பைக் கேட்டதும் நம் ‘வெதுவெது’ நினைவுக்கு வந்தது. பொருளும் அதுவேதான்.

“உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?” என்று ஓட்டுநர் கேட்டார். “கொத்துக்கறி” என்றேன். கொத்து, கித்ஃபோ என்று இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார். இரு மொழிக்கும் உறவில்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

குர்த் வந்தது. கருஞ்சிவப்பில் ஒரு பாளம், ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. பக்கத்தில் அவாஸே என்ற மிளகாய் விழுது, மித்மிதா, கடுகுச் சாந்து. அவர் கத்தியை நீளவாட்டில் இழுத்து ஒரு துண்டை அரிந்தார், இஞ்செராவில் சுற்றி அவாஸேயில் தோய்த்து என் வாயருகே நீட்டினார். இப்படி ஊட்டுவதற்கு ‘குர்ஷா’ என்று பெயர். மறுத்தால் மனம் வருந்துவார்கள். வாங்கிக்கொண்டேன். முதலில் காரம், அப்புறம் லேசான இனிப்பு, கடைசியில் நாக்கில் இரும்பு. வாடை துளியும் இல்லை. காலையில் அறுத்தது என்றார் கடைக்காரர்.

பயம் இல்லாமல் இல்லை. பச்சை மாட்டுக்கறியில் நாடாப்புழு வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். கொஸ்ஸோ என்ற மரத்தின் பூவைக் காலங்காலமாகப் புழுவுக்கு மருந்தாகக் குடித்திருக்கிறார்கள். இப்போது மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். நானும் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு, கித்ஃபோவை லெப் லெப்பாகக் கேட்டேன்.

கூடவே ஆயிப் என்ற வெண்ணிறப் பாலாடைக்கட்டியும், கொச்சோ ரொட்டியும் வந்தன. கொச்சோ செய்வது என்செத் மரத்திலிருந்து. பார்த்தால் அசல் வாழைமரம், வாழைக்கு உறவும்கூட. ஆனால் பழம் தின்ன உதவாது. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் மாதக்கணக்கில் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிறார்கள். புளித்த கொச்சோவில் நெய் வழியும் கித்ஃபோவை அள்ளி வைத்தால் இரண்டும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை போல இருந்தன.

திரும்பும் வழியில் ஓட்டுநர் தன் ஊர்ப்பக்கம் மெஸ்கெலுக்கு எப்படி எல்லோரும் வீடு திரும்புவார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மறுநாள் வெள்ளி. காலையில் நகரத்துக் கறிக்கடைகளில் கொக்கிகள் வெறுமனே தொங்கின. மதியத்துக்கு மறுபடியும் ஷிரோ.