க்ரோ லைட் மாட்டினால் கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? கடைசி ஸ்லாபில் இருந்து கணக்குப் போடுங்கள்

வீட்டுக்குள் லெட்யூஸ், துளசி, பேசில் வளர்க்க க்ரோ லைட் (வெயிலுக்குப் பதில் செடிக்கு வெளிச்சம் தரும் விளக்கு) வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் போடும் கணக்கு இது: போன பில் தொகையை யூனிட்டால் வகுத்து, "நமக்கு யூனிட் மூணு ரூபாதான் விழுது" என்று முடிவுகட்டி, லைட் இழுக்கும் யூனிட்டை அந்த மூன்றால் பெருக்குவது. சென்னையில் இது தப்புக் கணக்கு. சில வீடுகளில் உண்மைச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும்.

காரணம் எளிது. முதல் 100 இலவச யூனிட்டையும் அடுத்து வரும் மலிவு யூனிட்டையும் ஃபிரிட்ஜும் ஃபேனும் ஏற்கெனவே தின்று தீர்த்துவிட்டன. புதிதாக வரும் லைட்டுக்கு மிச்சமிருப்பது பில்லின் உச்சியில் இருக்கும் கடைசி ஸ்லாப் மட்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது 2024 ஜூலையில் வந்த வீட்டு இணைப்பு விகிதம், மானியம் போக நாம் கட்டுவது. உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.35, 400 வரை ரூ.4.70, 500 வரை ரூ.6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 சலுகை காணாமல் போய், 101 முதல் 400 வரை எல்லாமே 4.70 ஆகிவிடும். அதன் மேல் 401 முதல் 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

ஆக 500 யூனிட் ஓடினால் பில் ரூ.1,805. 501 ஓடினால் ரூ.2,048 சொச்சம். அந்த ஒற்றை யூனிட்டின் விலை ரூ.243. க்ரோ லைட் கணக்கில் இதைவிட முக்கியமான எண் கிடையாது.

இனி வாட்டுக்கு வருவோம். ஆன்லைனில் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் விற்கும் போர்டு பல நேரம் 100 வாட்டைத்தான் இழுக்கும். அந்த ஆயிரம், பழைய சோடியம் விளக்குக்கு இணை என்று விற்பவர் சொல்லிக்கொள்ளும் எண். கரண்ட் கணக்குக்கு ஒரு பயனும் இல்லை. ரிச்சி தெருவில் கிடைக்கும் பிளக்-இன் எனர்ஜி மீட்டரில் சொருகிப் பார்ப்பது நேர்வழி. அது இல்லையென்றாலும் வாசலில் இருக்கும் இ.பி. மீட்டரே போதும்.

மீட்டர் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு எல்இடி மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 1600 அல்லது 3200 போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு அத்தனை முறை மின்னும் என்று பொருள். வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், வைஃபை ரவுட்டர், சார்ஜர், முக்கியமாக இன்வர்ட்டர். பேட்டரி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கணக்கே கெட்டுவிடும். இப்போது க்ரோ லைட்டை மட்டும் போட்டு, ஒரு மின்னலில் தொடங்கி அடுத்த பத்தாவது மின்னல் வரை எத்தனை நொடி என்று போனில் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 11,250-ஐ அந்த நொடியால் வகுக்க வேண்டும். 140 நொடி ஆனால் 80 வாட். 1600 மீட்டர் என்றால் 22,500-ஐ வகுங்கள். லைட் போட்டவுடன் பார்க்காமல் கால் மணி நேரம் சூடேற விட்டுப் பார்த்தால் எண் நிலையாக இருக்கும்.

கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரைப் பார்த்து 230-ஆல் பெருக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. மலிவான டிரைவர்களின் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பகுதி) பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, பாதியளவுகூட இருக்கலாம், அப்போது 80 வாட் லைட் 160 என்று காட்டிப் பயமுறுத்தும். வீட்டு மீட்டர் கிலோவாட் மணிக்குத்தான் பணம் கேட்கிறது, பவர் ஃபேக்டருக்கு இல்லை. அந்த 160-ஐ மறந்துவிடலாம்.

இன்னும் லைட்டே வாங்கவில்லை என்றால் இடத்தில் இருந்து தொடங்குங்கள். 2 அடிக்கு 4 அடி ரேக் தட்டு என்றால் 0.74 சதுர மீட்டர். லெட்யூஸ், கொத்தமல்லி மாதிரி இலைச் செடிக்கு ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு 200 மைக்ரோமோல் (செடிக்குப் பயன்படும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 148. நல்ல எல்இடி போர்டு ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும், ஆக 59 வாட். ஓரத்தில் சிந்தும் வெளிச்சத்துக்கும் செடிமேல் படாமல் சுவரில் விழுவதற்கும் சேர்த்து 80 வாட் என்று எடுத்துக்கொள்வதுதான் நடைமுறை. ரேக்கின் மூன்று பக்கமும் வெள்ளை ஷீட் கட்டினால் இதில் கொஞ்சம் மிச்சமாகும்.

சாதாரண 20 வாட் எல்இடி பேட்டன் டியூப் மாட்டினால் ஆகாதா? ஆகும். ஆனால் அது வாட்டுக்கு 1.6 மைக்ரோமோல் பக்கம்தான் தரும். அதே வெளிச்சத்துக்கு நாலு போதாது, ஆறு டியூப்புக்கும் கொஞ்சம் மேலே வேண்டும், 125 வாட் பக்கம் போகும். தினம் 14 மணி நேரம் ஓடினால் அந்த 45 வாட் வித்தியாசம் இரண்டு மாதத்தில் 38 யூனிட். 4.70 ஸ்லாபில் இருப்பவருக்கு ரூ.180, 9.45-ல் இருப்பவருக்கு ரூ.360. விலை கூடின போர்டு எத்தனை பில்லில் முதலை மீட்கும் என்பது வீட்டுக்கு வீடு மாறுவது இதனால்தான். நூறு யூனிட்டுக்குள் வாழும் தனிக்கட்டைக்கு டியூப்லைட்டே போதும் என்பது என் கட்சி.

மணி நேரத்தையும் கண்மூடித்தனமாக வைக்காதீர்கள். செடிக்கு வேண்டியது ஒரு நாளின் மொத்த வெளிச்சம். மைக்ரோமோலை மணி நேரத்தால் பெருக்கி 0.0036-ஆல் பெருக்கினால் அது வரும். 200 x 14 என்றால் சதுர மீட்டருக்கு 10 மோல். லெட்யூஸ் 12 முதல் 17 வரை கொடுத்தால் கொழுகொழுவென்று வரும், 10-ல் சுமாராக ஆனால் ஒழுங்காக வரும். முளைக்கீரை மைக்ரோகிரீனுக்கு 6 கூடப் போதும். கிழக்கு ஜன்னல் ஓரத்தில் 4 கிடைத்தால் லைட் மிச்சத்தை மட்டும் ஈடுகட்டினால் சரி. வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாதவர்கள் போனில் லக்ஸ் ஆப் போட்டு, வெள்ளை எல்இடி என்றால் 67-ஆல் வகுத்துக்கொள்ளலாம். சுமார் 13,000 லக்ஸ் காட்டினால் 200 மைக்ரோமோல். போன் சென்சார் துல்லியமில்லாவிட்டாலும் பாதியா முழுசா என்று தெரிந்துவிடும். (மொட்டை மாடி இருக்கிறவர்கள் தண்டுக்கீரையை லைட்டுக்கடியில் வளர்ப்பது மட்டும் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. இங்கே வெயிலுக்கா பஞ்சம்?)

இப்போது யூனிட். 80 வாட், 14 மணி, 60 நாள்: 67.2 யூனிட். எல்லோரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். மண்ணில்லாமல் தண்ணீர்த் தொட்டியில் வளர்த்தால் அதில் 18 வாட் பம்ப் இருக்கிறதே, அது இரவு பகல் பார்க்காமல் 24 மணி நேரமும் ஓடும். 25.9 யூனிட். காற்றாட 15 வாட் கிளிப் ஃபேன், லைட்டோடு சேர்ந்து 14 மணி: 12.6. மொத்தம் 106 யூனிட். "சின்னப் பம்ப்தானே" என்று விட்டது லைட்டில் ஐந்தில் இரண்டு பங்கு.

ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில் பில் ரூ.705-ல் இருந்து ரூ.1,213 ஆகும். ஏற்றம் 508, யூனிட்டுக்கு 4.80 பக்கம். நியாயம். ஏசி ஓடும் கோடைப் பில்லில் 640 யூனிட் என்றால் ரூ.3,258 இருந்தது ரூ.4,260 ஆகும், ஏற்றம் ஆயிரம்.

மாட்டிக்கொள்வது நடுவில் இருப்பவர்தான். 420 யூனிட் வீடு. பழைய பில் ரூ.1,301, சராசரி யூனிட்டுக்கு ரூ.3.10. அந்தச் சராசரியை நம்பினால் 106 யூனிட்டுக்கு ரூ.329. நிஜத்தில் 526 யூனிட் ஆகி, பில் ரூ.2,258 வரும். ஏற்றம் ரூ.957! இதே வீட்டில் பம்பை எடுத்துவிட்டு, ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரப்பிய பம்பில்லாத நீர்த்தொட்டி முறைக்கு மாறினால் மொத்தம் 499.8 யூனிட்டில் நிற்கும், ஏற்றம் ரூ.503. பதினெட்டு வாட் பம்புக்கு இரண்டு மாதத்துக்கு ரூ.450 கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று அர்த்தம். கத்தி முனையில் நிற்கிற கணக்குதான். விருந்தாளி வந்து நாலு நாள் கீசர் போட்டால் தாண்டிவிடும்.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் போட்டு, ஓனர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்கினால் இந்தத் தலைவலியே இல்லை. யூனிட்டை அந்த எண்ணால் பெருக்கினால் தீர்ந்தது. விளைந்ததை விற்கப் போகிறீர்கள் என்றால் கதை வேறு: வணிக இணைப்புக்கு இலவச யூனிட் இல்லை, நிலைக்கட்டணமும் உண்டு. அந்த விகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டு ரேக் வாங்குங்கள்.

ஏசி அறையில் வைத்தால் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. லைட், பம்ப், ஃபேன் மூன்றும் இழுக்கும் 113 வாட்டும் கடைசியில் அந்த அறையில் சூடாகத்தான் முடியும். அதை வெளியே தள்ள ஏசி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்கும். தினம் 8 மணி நேரம் ஏசி ஓடினால் இரண்டு மாதத்தில் 18 யூனிட், 9.45 ஸ்லாபில் ரூ.170. ஆகவே கோடையில் ஏசி இல்லாத அறையில் வைத்து, மாலை 6 முதல் காலை 8 வரை லைட் எரிய விடுவது நல்லது. இரவில் கரண்ட் விலை குறைவு என்பதற்காக அல்ல. வீட்டு இணைப்புக்கு இங்கே நேரத்துக்கு ஒரு விலை என்பது கிடையாது. பகல் சூட்டோடு லைட் சூடும் சேராமல் இருக்க மட்டும்தான். தொட்டித் தண்ணீர் சூடானால் வேர் அழுகல் வரும், அப்புறம் எரித்த யூனிட் எல்லாம் குப்பைக்கு.

இன்வர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் க்ரோ லைட்டைச் சொருகாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் பேட்டரி கொடுத்ததைத் திரும்ப நிரப்ப, கொடுத்ததைவிடக் கூடுதலாகவே மீட்டரில் ஓடும். செடிக்கு இரண்டு மணி நேர இருட்டில் ஒன்றும் ஆகாது.

டைமர்தான் பில்லைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி. சுற்றும் பல் வைத்த மெக்கானிக்கல் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்தில் தொடரும். நாலு கட் ஆனால் மாலை 6 மணி லைட் இரவு 9-க்கு எரியும். மொத்த மணி நேரம் பெரிதாக மாறாது என்பதால் பில்லில் தெரியாது, பகல் சூட்டில் எரியும்போதுதான் தெரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தக் கோளாறு இல்லை. ஆனால் அதற்கு வேறு நோய்: எல்இடி டிரைவர் ஆன் ஆகும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு துள்ளும், மலிவு டைமருக்குள் சுவிட்சாக இருக்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். திரையில் "ஆஃப்" என்று காட்டும், லைட் எரிந்துகொண்டே இருக்கும். 24 மணி நேரம் எரிந்தால் 67 யூனிட் 115 ஆகும். 16 ஆம்பியர் ரிலே உள்ளதை வாங்குங்கள், வாரம் ஒருமுறை அணைய வேண்டிய நேரத்தில் எட்டிப் பாருங்கள்.

ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் இ.பி. கார்டில் பார்த்து, 40-ஆம் நாள் மீட்டரை நீங்களே ஒருமுறை படியுங்கள். 340 யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு 8.5, இந்த வேகத்தில் 60-ஆம் நாள் 510. மிச்ச 20 நாளுக்கு லைட்டை 10 மணி நேரமாகக் குறைத்தால் நாளுக்கு 0.32 யூனிட் மிச்சம். பம்பை கால் மணி ஓட்டி கால் மணி நிறுத்தினால் 0.22. சேர்த்து 10.7 யூனிட் குறைந்து 499-ல் நிற்கும், பில்லில் ரூ.325 குறையும். வேர் நீரில் மூழ்கியிருக்கும் தொட்டிக்கு மட்டும் இந்தப் பம்ப் வித்தை. குழாயில் மெல்லிய நீரோட்டமாக ஓடும் அமைப்பில், அதுவும் மே மாதத்தில், கால் மணி நிறுத்தினால் நுனிவேர் காய்ந்துவிடும்; அங்கே லைட்டை மட்டும் எட்டு மணி நேரத்துக்கு இறக்குங்கள். அதில் 9.6 யூனிட்தான் மிச்சமாகும் என்பதால், கிளிப் ஃபேனையும் லைட்டோடு சேர்த்து அணைய வையுங்கள்.