ஐப்பசிக்குள் மூடிவிட வேண்டும்

குப்பைக் கிடங்கை விரிவாக்கப் போகிறோம் என்றதும் வரும் முதல் கேள்வி, எத்தனை ஏக்கர் கிடைக்கும் என்பதுதான். வேலூர்ப் பக்கத்தில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஐப்பசி மழை இறங்குவதற்குள் எவ்வளவு பரப்பை மண் போட்டு மூடிவிட முடியும்?

ஒரு ஏக்கர் திறந்த குப்பைமேல் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். பாதி உள்ளே இறங்கினாலும் 10,000 லிட்டர் டேங்கருக்கு 20 நடை கசிவுநீர், அதாவது குப்பையில் ஊறி வடியும் அழுக்குத் தண்ணீர். அதனால் 4 ஏக்கர் கையில் இருந்தாலும் மண்கரை போட்டு ஒவ்வொரு ஏக்கராகப் பிரித்து, ஒன்றை மட்டும் திறக்க வேண்டும். குப்பை படாத பகுதியில் தேங்குவது வெறும் மழைநீர். மோட்டார் வைத்து வெளியே விடலாம். ஒரு லாரி குப்பை அதில் விழுந்தால்கூட முழுவதும் கசிவுநீராகிவிடும்.

நாளைக்கு 100 டன் வருகிறது என்று வையுங்கள். நன்றாக அழுத்தினால் கனமீட்டருக்கு 800 கிலோ நிற்கும். 125 கனமீட்டர் இடம் போதும். அதற்கு டோசர் குப்பையை அரை மீட்டர் அடுக்காகப் பரப்பி, நான்கைந்து முறை ஏறி இறங்க வேண்டும். ஜேசிபி பக்கெட்டால் தட்டிவிட்டால் 500 கிலோவைத் தாண்டாது. ஐந்து வருஷத்துக்குப் போட்ட குழி மூன்று வருஷத்தில் நிரம்புவது இப்படித்தான். டீசல் மிச்சம் என்று டோசரை நிறுத்துவதைப் போல நஷ்டம் வேறில்லை.

அன்றாடம் 10 செ.மீ. மண், மழைக்காலத்துக்கு முன் 40 முதல் 65 செ.மீ. வரை மூடாக்கு என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. மண்ணை ஆடியிலேயே கொண்டுவந்து குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். நனைந்த சவுடு பக்கெட்டிலேயே ஒட்டிக்கொள்ளும், பரப்ப முடியாது. கட்டட இடிபாட்டையும் சேர்த்து வைக்க வேண்டும். உள்ளே பாதை சேறானால் டிப்பர் புதையும், ஓட்டுநர் வாசலிலேயே கொட்டிவிட்டுப் போவார். மழைநாளில் கொட்ட வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இடம் தனியாகத் தயாராக இருக்கட்டும்.

சிக்கலே பழைய குப்பை மேடும் புதுக் குழியும் சேரும் இடத்தில்தான். புதுக் குழியின் அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக்) விரிப்பு. பழைய மேட்டின் அடியில் ஒன்றுமே கிடையாது. அது மட்க மட்க ஓரிடம் அதிகமாகவும் ஓரிடம் குறைவாகவும் அமுங்கும். அதன் சரிவில் விரிப்பை ஏற்றினால் இழுபட்டுக் கிழியும். ஆகவே பயோமைனிங்கை, அதாவது பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையை, புதுக் குழியை ஒட்டிய பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது. 2 மீட்டர் உயர வரிசைகளாகக் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டி, ஈரம் வற்றியபின் சல்லடையில் விட வேண்டும். ஈரக் குப்பை சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். தை முதல் ஆனி வரை அதற்கான காலம். பிரித்தெடுத்த பிளாஸ்டிக், துணியை சிமென்ட் ஆலைக்கு அனுப்ப முன்பே ஏற்பாடு இல்லையென்றால் சித்திரை வெயிலில் அந்தக் குவியல்தான் முதலில் பற்றும். மேலே தண்ணீர் பீய்ச்சி அணையாது; தோண்டி, மெல்லிசாகப் பரப்பி, நனைத்து, மண் போட வேண்டும்.

எடைமேடையில் நிற்பவருக்குத் தோலைத் தெரிந்திருக்க வேண்டும். தோல் பதனிடும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை சூழ்ந்த ஊர் இது. குரோமியத்தில் பதனிட்ட வெளிர்நீலத் தோல் சீவல் கண்ணில் பட்டால் வண்டியைத் திருப்ப வேண்டும். குரோமியம் கலந்த எச்சமும் சேறும் அபாயகரக் கழிவு விதிகளில் வருபவை. சேறு பக்கவாட்டில் எப்படித் தள்ளும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு: 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். குப்பைக் குழியின் கரையும் ஊறினால் அதே பாரத்தைத்தான் தாங்குகிறது. மழைக்காலத்தில் கரையடியில் யாரையும் தங்கவிடக் கூடாது.

பாலாறு வறண்டு கிடந்தாலும் மணலுக்கடியில் ஓடுகிறது. கரையோர ஊர்கள் குடிப்பது அந்தத் தண்ணீரை. நிலத்தடி நீர் கிடங்குக்கு வரும் பக்கம் ஒன்று, அது இறங்கிப் போகும் பக்கம் இரண்டு என்று கண்காணிப்புக் கிணறுகள் போட்டு, மழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது குளோரைடு. மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடுவதால், கசிவு இருந்தால் குரோமியத்துக்கு முன்னால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.