அக்டோபர் குறிப்புகள்: பொன்னி, மரைனர்ஸ், ரயில்

அக்டோபர் 9, 2025, வியாழன்

எங்கள் நாய் பொன்னி காலையில் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறாள். கால்நடை டாக்டரம்மா ரத்தமும் சிறுநீரும் எடுத்திருக்கிறார்.

பேஸ்பாலில் எங்கள் சியாட்டில் மரைனர்ஸ் அணி நேற்று டெட்ராய்ட்டில் 9-3 என்று தோற்றது. நாளை சியாட்டிலில் ஐந்தாவது, முடிவு ஆட்டம், டெட்ராய்ட்டின் ஸ்குபல் பந்து வீசுகிறார். அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

அக்டோபர் 10, வெள்ளி

பதினைந்து இன்னிங்ஸ்! வழக்கமாக ஒன்பதுதான். ஜெயித்தோம், 3-2. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஸ்குபல் ஆறு இன்னிங்ஸில் எங்கள் ஆட்கள் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்கவிடாமல் அவுட்) செய்தபோது இவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். நான் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் லியோ ரிவாஸ் அடித்துச் சமன் செய்தார். அவருக்கு இன்று பிறந்தநாள். ஓய்வில் இருக்க வேண்டிய எங்கள் பந்துவீச்சாளர்கள் கில்பர்ட்டும் கஸ்டியோவும் நடுவில் வந்து வீசிக் காப்பாற்றினார்கள். கடைசியில் போலங்கோ அடித்தார், கிராஃபோர்ட் ஓடி வந்து வெற்றி ரன்னை எடுத்தார்.

நடுவே ரயில் ஹார்ன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை, ஒரு நீளம். மைதானத்தின் கிழக்கே தண்டவாளம் ஒட்டியே போகிறது. அங்கே உள்ள கூரை குடை மாதிரி மேலே மட்டும்தான், பக்கங்கள் திறந்தே இருக்கும். அதனால் ஹார்ன் அப்படியே ரேடியோவுக்குள் வந்துவிடுகிறது. வடக்கே வரும் வண்டியாக இருந்தால் நகருக்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து, சால்மன் பே தூக்குப் பாலம் தாண்டி, கடலோரமாகவே எங்கள் ஊர் எட்மண்ட்ஸுக்கு வர வேண்டும். படகுக்காகப் பாலம் தூக்கியிருந்தால் தாமதமாகும். ஆட்டம் முடிந்ததும் பொன்னியைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய் நின்றேன். வந்தது! முன்னால் மூன்று ஆரஞ்சு என்ஜின், பின்னால் இரட்டை அடுக்குக் கன்டெய்னர். ரேடியோவில் கேட்ட அதே வண்டிதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. பொன்னி வாலை ஆட்டினாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

டொராண்டோவில் அடுத்த சுற்றின் முதல் ஆட்டம். நாலு ஜெயித்தால் வேர்ல்ட் சீரிஸ் என்னும் இறுதித் தொடர். 3-1, ஜெயித்தோம். மில்லர் ஆறு இன்னிங்ஸ் தாங்கினார். ராலி ஒரு ஹோம் ரன், சிக்ஸர் மாதிரி. இந்த வருடம் சீசனில் மட்டும் 60. ஒரு கேட்சர், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி நிற்பவர், இவ்வளவு அடித்ததே இல்லை.

அங்கேயும் மைதானத்துக்குப் பக்கத்தில்தான் ரயில் பாதை, யூனியன் ஸ்டேஷன் நடக்கும் தூரம். ஆனால் ஹார்ன் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

10-3. இரண்டுக்குப் பூஜ்யம்! பொன்னி அரைக் கிண்ணம் சாப்பிட்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. சிறுநீரகம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கிறது, பாஸ்பரஸும். கெட்டுப்போன பகுதி திரும்பாது, மிச்சம் இருப்பதைப் பாதுகாக்கலாம் என்றார் டாக்டரம்மா. இனி பாஸ்பரஸ் குறைந்த தனி உணவுதான். வீட்டிலேயே தோலுக்கடியில் சலைன் ஏற்ற வேண்டும். தோள்களுக்கு நடுவில் தோலைக் கூடாரம்போலத் தூக்கிப் பிடித்து ஊசியைச் செருகக் கற்றுக்கொடுத்தார். நான் செய்தேன். பொன்னி முனகக்கூட இல்லை. மறுபடி ரத்தம் பார்த்தால்தான் மருந்து பிடிக்கிறதா என்று தெரியும்.

மகள் போனில், "அம்மா, அவளுக்குப் பதிமூணு வயசு ஆச்சும்மா," என்றாள். ஆகட்டுமே.

பூனை இச்சிரோ சலைன் பை தொங்கும் கம்பியைவிட்டு நகரவே இல்லை.

அக்டோபர் 15, புதன்

13-4. சொந்த மைதானத்தில் தோல்வி. ஹார்ன் பல முறை கேட்டது, வெளியே போக மனமில்லை.

அக்டோபர் 16, வியாழன்

மறுபடி தோல்வி, 8-2. இரண்டுக்கு இரண்டு. பொன்னி வாந்தி எடுத்தாள். கிண்ணத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறாள்.

இந்த அணி 1977-இல் தொடங்கியது. முப்பது அணிகளில் ஒருமுறைகூட வேர்ல்ட் சீரிஸ் ஆடாதது நாங்கள் மட்டும்தான். 1995, 2000, 2001 மூன்று முறையும் இதே கட்டத்தில் நின்றோம். 2001-இல் 116 ஆட்டம் ஜெயித்த அணி! அப்போது நான் வேலையில் இருந்தேன், பாதி ஆட்டத்தைக் காரில்தான் கேட்டேன். இப்போது நாள் முழுக்க என்னுடையது. கேட்டுவிட வேண்டும், இந்த வருடம் கேட்டே ஆக வேண்டும். அதே மூச்சில் பொன்னியை நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து வேண்டிக்கொள்வது தப்பா என்று இவரிடம் கேட்டேன். "வேண்டிக்கோ, யார் கணக்குப் பார்க்கிறது," என்றார்.

அக்டோபர் 17, வெள்ளி

சுவாரஸ்! சுவாரஸ்! எட்டாவது இன்னிங்ஸில் ராலி முதலில் சமன் செய்தார். அப்புறம் பேஸ் மூன்றிலும் ஆள் நிற்க சுவாரஸ் வந்தார். இங்கே ஆடி, வேறு அணிக்குப் போய், ஜூலையில்தான் திரும்பி வந்த மனிதர். கிராண்ட் ஸ்லாம், ஒரே அடியில் நாலு ரன். 6-2. நான் போட்ட சத்தத்தில் இச்சிரோ அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது. இவர் சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

பொன்னி என் கையிலிருந்து ஊட்டினால் சாப்பிடுகிறாள். கொஞ்சம் வெந்நீர் விட்டுப் பிசைந்தால் வாசனை வருகிறது, அதுதான் விஷயம். ராத்திரி இருவரும் மெதுவாகக் கடற்கரை வரை போனோம். எண்ணெய் டாங்கர் வண்டி ஒன்று வடக்கே போனது, முடிய வெகுநேரம் ஆனது. கடைசிப் பெட்டி போகும்வரை அவள் உட்கார்ந்தே பார்த்தாள்.

அக்டோபர் 18, சனி

ஆட்டம் இல்லை. சலைன் சரியாக ஏறியது. மழைக்காலம் நெருங்குகிறது. சரிவில் மண் விழுந்தால் 48 மணி நேரம் பயணிகள் ரயில் கிடையாது. கேஸ்கேட்ஸ் பயணிகள் வண்டி வராத நாட்களை எனக்குப் பிடிப்பதே இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

6-2, தோல்வி. மூன்று டபுள் பிளே, ஒரே பந்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவுட். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்டோபர் 20, திங்கள்

3-1 என்று முன்னால் இருந்தோம். ஹூலியோ, ராலி இரண்டு பேருமே ஹோம் ரன் அடித்திருந்தார்கள். ஏழாவது இன்னிங்ஸ். எட்டு அவுட் எடுத்தால் போதும். டொராண்டோவின் ஸ்பிரிங்கர் ஒரே அடியில் மூன்று ரன் எடுத்துவிட்டார். 4-3, எல்லாம் முடிந்தது.

இவர் ரேடியோவை அணைக்கப் போனார், வேண்டாம் என்றேன். அவர்கள் கொண்டாடுவதையும் கேட்டேன். அந்தப் பந்தை வீசிய பஸார்டோ நன்றாக வீசக்கூடிய பையன், இந்த வருடம் முழுக்க உழைத்தவர். அவரை யாரும் திட்டக் கூடாது.

அக்டோபர் 21, செவ்வாய்

காலையில் நிலக்கரி வண்டி. கனடாத் துறைமுகத்துக்குப் போகிறது. இரண்டாவது என்ஜினில் பெயின்ட் பழையது, பச்சை. அந்த நிறத்தில் இப்போது அதிகம் மிச்சமில்லை. எண்ணைக் குறித்துக்கொள்வதற்குள் தாண்டிவிட்டது. அழுகை வந்தது, ரயிலுக்காக இல்லை.

அக்டோபர் 22, புதன்

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மாலைக்குள் சொல்வதாகச் சொன்னார்கள். ஐந்து மணி வரை யாரும் கூப்பிடவில்லை. நானே கூப்பிட்டேன், ஆய்வகத்திலிருந்து இன்னும் வரவில்லையாம். இப்படிக் காக்க வைப்பது எனக்குப் பெரிய குறை. ஆறரைக்கு டாக்டரம்மாவே பேசினார். கிரியேட்டினின் இறங்கியிருக்கிறது, பாஸ்பரஸ் அப்படியேதான். உணவோடு கலக்க ஒரு தூள் எழுதித் தருகிறார். நாளைக் காலை மருந்துக் கடை திறந்ததும் போய் வாங்க வேண்டும். வரும் வழியில் ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நிற்கலாம், எம்பயர் பில்டர் ரயில் சிகாகோவிலிருந்து தாமதமாக வந்துகொண்டிருக்கிறதாம்.