தாலுகா மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை
2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநலம் பாதிக்கப்பட்டோர் 28 பேர் தீயில் கருகி இறந்த பிறகு, சிகிச்சை ஊருக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. இன்று மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் குறித்த நாளில் தாலுகா மருத்துவமனைக்கே வருவதால், மகனுக்கான மாத்திரைகளை மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு மதியப் பேருந்திலேயே வீடு திரும்பும் தாய்மார்களைக் காண முடிகிறது. கூலி வேலையை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது சிறிய உதவியன்று.

குழந்தைகளுக்கான சேவைதான் இன்னும் மெலிந்திருக்கிறது என்பது என் கருத்து. படிப்பில் திடீரெனப் பின்தங்கும் பிள்ளையைக் கண்டிக்கிறோமே தவிர, மருத்துவரிடம் அழைத்துச் செல்வதில்லை. (மந்திரித்துக் கயிறு கட்டுவது மட்டும் தவறாமல் நடந்துவிடுகிறது.)

நேரில் வர இயலாதோர் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம், பராமரிப்பவர்களும் அழைக்கலாம்.