நிகழ்ச்சி இரவு

2023 மே 23 இரவு சேப்பாக்கத்தில் குஜராத்தை 15 ரன்னில் தோற்கடித்து சென்னை ஐபிஎல் ஃபைனலுக்குப் போனது. தெருவில் வெடிச் சத்தம். நான் அகமதாபாத் ஓட்டல்காரர் ஒருவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 28ஆம் தேதி ஞாயிறு அங்கேதான் ஃபைனல். நடுவில் நான்கே நாள்.

பேக்கேஜ் விற்பது எங்கள் பிழைப்பு. லவுஞ்சு டிக்கெட், பஃபே, ஓட்டல், ஸ்டேடியத்துக்குப் போய்வர வண்டி, எல்லாம் ஒரே விலையில். டிக்கெட் எங்களுக்கு மேலே இருக்கும் மொத்த விற்பனையாளரிடமிருந்து வரும். கூடவே அவருடைய பதினோரு பக்க ஒப்பந்தமும் வரும். முழுப்பணம் முன்கூட்டியே. இருக்கை எண் கிடையாது, பகுதி மட்டும். பேக்கேஜிலிருந்து டிக்கெட்டைப் பிரித்து விற்கக் கூடாது. போட்டியின் லோகோவைப் போடக் கூடாது (எங்கள் நோட்டீசில் எப்போதும் யாருடையதோ தெரியாத ஒரு மட்டையும் பந்தும் இருப்பது அதனால்தான்). தேதி மாறினால் டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லும். பணம் திரும்ப வராது.

வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கும் இரண்டு பக்கப் படிவம் நான் எழுதியது. எழுதியது என்ன, சேப்பாக்கம் ஆட்டங்களுக்கு வைத்திருந்ததில் ஊர்ப் பெயரை மாற்றினேன். லீக் ஆட்டத்தில் மழை வந்தால் ஆளுக்கொரு புள்ளி, கதை முடிந்தது. ஃபைனலுக்கு ரிசர்வ் நாள் உண்டு, மழை கெடுத்தால் மறுநாள் ஆட. எனக்கும் தெரியும், படிவத்தில்தான் அது இல்லை.

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி ஒருவர் தன் டீலர்களுக்காகப் பதினெட்டு பேக்கேஜ் வாங்கினார். நானும் கூடவே போனேன். ஞாயிறு மாலை கொட்டிய மழையில் டாஸ்கூடப் போடவில்லை. பதினொரு மணி வாக்கில் ஆட்டம் நாளைக்கு என்றார்கள், டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள் என்றும் சொன்னார்கள். டிக்கெட்டை எல்லோரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். லவுஞ்சுக்காகக் கையில் கட்டிய பட்டையை ஆறேழு பேர் அறைக்குப் போனதும் கத்தரித்து எறிந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை முதலாளி என் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏனுங்க தம்பி, டிக்கெட்டு செல்லும்னு சொல்றீங்க, செரிங்க. நாங்க எங்கீங்க படுக்கறது?"

ஓட்டல் சீட்டில் 29ஆம் தேதி காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்யவேண்டும் என்று இருந்தது. வண்டிக்காரர் சீட்டில் 28, ஒரு நடை. பஃபே ஒரு தடவை. அதை ஞாயிறன்றே, மழையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாகிவிட்டது. நோட்டீசில் ஒன்றாகக் கட்டி விற்ற நான்கில் டிக்கெட் மட்டும்தான் மறுநாளுக்கு வந்தது. ஒரு ராத்திரிக்கு வந்த ஊரே இன்னொரு ராத்திரிக்கு அறை தேடியதால் ஓட்டல்காரர் கேட்டதுதான் விலை.

ஆபீசுக்கு அடித்தேன். "கையெழுத்து போட்டிருக்காருல்ல, அவங்க செலவுன்னு சொல்லுப்பா" என்றார் எங்கள் மேனேஜர். அப்படித்தான் சொல்லப் போனேன். முதலாளி சட்டைப் பையிலிருந்து என் படிவத்தை எடுத்து ஒரு வரியில் விரலை வைத்தார்: 'நிகழ்ச்சி இரவு தங்கல் உட்பட'.

"நிகழ்ச்சி எப்பங்க நடக்குது? நேத்தா, இன்னைக்கா?"

பதில் இல்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால், எழுதியவனுக்கு எதிரான பொருளைத்தான் எடுப்பார்கள் என்று எங்கள் வக்கீல் பிற்பாடு சொன்னார். அதை அந்த வராந்தாவிலேயே புரிந்துகொண்டேன். அறை வாடகையையும் வண்டியையும் எங்கள் கம்பெனி ஏற்றது; சாப்பாடு அவர் பொறுப்பு; கைப்பட்டைக்கு நான் கெஞ்சியது தனிக்கதை. திங்கட்கிழமை கடை திறக்க வேண்டுமென்று ஊருக்குப் போய்விட்ட இரண்டு டீலர்களின் டிக்கெட்டை வேறு யாருக்கும் விற்க ஒப்பந்தம் விடவில்லை. இரண்டு நாற்காலி காலியாகவே கிடந்தன.

ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்காக 96 அடித்தபோது ஓட்டலில் கணக்கு முடித்துக்கொண்டிருந்தேன். மறுபடி மழை வந்து, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, நள்ளிரவு தாண்டி ஆட்டம் தொடங்கியபோது, பார்க்கிங்கில் டிரைவரோடு இரண்டாவது ராத்திரி பேட்டாவுக்குப் பேரம். ஜடேஜாவின் சிக்சரும் ஃபோரும் எனக்கு இரண்டு இரைச்சல். "அரே, ஜீத் கயா!" என்று சென்னை ஜெயித்ததை டிரைவர்தான் சொன்னார். கேட்ட பேட்டாவைக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு படிவத்தில் 'நிகழ்ச்சி இரவு' இல்லை; தேதிதான். ரிசர்வ் நாளுக்கு இரண்டாவது இரவு வேண்டுமா, வேண்டாமா என்று முன்கூட்டியே டிக் அடிக்கக் கட்டம், அதன் விலை பக்கத்திலேயே. டிக்கெட்டுக்கு எவ்வளவு, தங்கலுக்கு எவ்வளவு என்று பிரித்தும் எழுதினேன். மொத்தமாகச் சொன்னால்தான் லாபம் மறையும் என்று மேனேஜருக்கு வருத்தம்.

2025இல் போர்ப் பதற்றத்தால் மே 9 அன்று ஐபிஎல் நிறுத்தப்பட்டது. மறுபடி தொடங்கியபோது மே 25 கொல்கத்தாவில் நடக்கவேண்டிய ஃபைனல், ஜூன் 3 அகமதாபாத்துக்குப் போனது. தேதிக்குக் கட்டம் வைத்திருந்தேன், ஊருக்கு வைக்கவில்லை. கொல்கத்தா ஓட்டலுக்குக் கட்டிய அட்வான்சைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது திருப்பூர்க்காரர் கூப்பிட்டார். அந்த வருசம் அவர் எதுவும் வாங்கவில்லை.

"சும்மாதானுங்க தம்பி. இந்தத் தடவை எத்தனை பக்கம்னு கேக்கலாம்னு."

நாலரை என்றேன்.